நல்ல தண்ணீர் வரிசை

மறுபடியும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். கண்ணில் பிசகில்லை. தட்டிலிருந்த சின்னச் சின்னக் குழிகளில் ஆற்றுத் தண்ணீர் விட்டவை வழக்கம்போலத்தான் இருந்தன. செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சோர்ந்து, சில மட்டும் இரண்டும் மூன்றுமாய்க் கைகோத்துக் கிடந்தன. ஆலைக் கால்வாய்த் தண்ணீர் விட்டவை பாதி செத்திருந்தன, அதுவும் எதிர்பார்த்ததுதான். கடைசி வரிசைதான் உயிரை வாங்கியது. நல்ல தண்ணீர் வரிசை. ஒவ்வொரு குழியிலும் நட்டநடுவில் உருண்டையாய்த் திரண்டு உட்கார வேண்டிய செல்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் நெருக்கியடிக்கிற கூட்டம் மாதிரி எல்லாம் ஒரே பக்கமாய்ப் போய் அப்பிக்கொண்டிருந்தன.

“என்ன எழவு இது” என்றாள் சத்தமாகவே. விடுமுறை நாள். ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பதற்கு ஆளில்லை. குளிர்பதனப் பெட்டி மட்டும் மூலையில் உறுமிவிட்டு ஓய்ந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், கண்ணாடித் தொட்டியில் வளரும் பஞ்சுயிரிகளின் வாடை, ஈரத்தில் ஊறிப்போன கட்டையும் பழைய மருந்துப் பாட்டிலும் கலந்த மாதிரி, துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

அவளுடைய வேலை கேட்பதற்குப் பெரிய வேலை. பார்ப்பதற்குத் துணி துவைக்கிற மாதிரி இருக்கும். ஏரியிலும் ஓடையிலும் மூழ்கிக் கிடக்கும் கட்டைகளின் அடியில், பச்சையாய்ச் சொரசொரப்பாய் ஒட்டி வளர்கிற பஞ்சுயிரி என்ற பிராணிக்குக் கண் கிடையாது, வாய் கிடையாது, முதுகெலும்பு கிடையாது. பிராணி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அதைச் சல்லடைத் துணியில் வைத்துப் பிழிந்தால், தனித்தனிச் செல்லாய்ப் பிரிந்து கலங்கலாக இறங்கும். வேறு எந்தப் பிராணியானாலும் கதை அத்தோடு முடிந்தது. இது முடியாது. எந்த உறுப்பாக வேண்டுமானாலும் மாறத் தெரிந்த ஸ்டெம் செல்கள் அந்தக் கலங்கலில் இருக்கின்றன. அவை ஊர்ந்து ஊர்ந்து தம் இனத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, உருண்டையாகி, மறுபடி ஒரு முழுப் பிராணியாக எழுந்துவிடும். வேறொரு பஞ்சுயிரியின் செல்லைப் பக்கத்தில் விட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போகும். சொந்தம் எது, அந்நியம் எது என்று அவற்றுக்குத் தெரியும். தண்ணீரில் விஷம் கலந்தால் முதலில் தடுமாறுவது இந்தத் தேடல்தான். மீன் செத்து மிதப்பதற்கு ரொம்ப முன்னாலேயே செல் சொல்லிவிடும்.

ஆனால் எது கெட்ட தண்ணீர் என்று சொல்வதற்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஒன்று வேண்டுமே. நிலையத்து இயந்திரம் சுத்திகரித்துத் தரும் தண்ணீரில் செல்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. உப்புச் சேர்த்தாள், சூடு பார்த்தாள், கெஞ்சாத குறை. ஒருநாள் வெறுத்துப்போய், குடிப்பதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். அன்றைக்குத்தான் செல்கள் பிழைத்தன. பிழைத்ததோடு மட்டுமில்லை, செழித்தன. அதிலிருந்து வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு கேன் பிடித்து வந்துவிடுவாள். வேதிப் பரிசோதனையில் அந்தத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஊருக்கு வெளியே, ஏரியை ஒட்டிக் கட்டிய புதுக் குடியிருப்புக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். பழைய வீட்டுத் தண்ணீரில் மகள் குட்டிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து பிள்ளை அழும். இவள் தடவிக்கொடுத்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். புது வீட்டுக்கு வந்தபின் ஒரு தழும்புகூட மிச்சமில்லாமல் தோல் பூப்போல ஆகிவிட்டது. “பாத்தீங்களா” என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்துப்போயிருந்தது. குட்டியின் அந்தத் தோலுக்காக இந்தத் தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் நின்று சாட்சி சொல்வாள்.

இப்போது அந்தத் தண்ணீர்தான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

நிலையத்தின் தலைவருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் ‘மறுபடி சார்’. எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “மறுபடி பண்ணிப் பாருங்களேன்” என்பார். அறிக்கையை இதோடு எத்தனையோ முறை திருப்பி அனுப்பிவிட்டார். “நல்ல தண்ணியிலயே செல்லு ஒழுங்கா இல்ல. அப்புறம் ஆத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க?” அவர் கேட்பது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

என்னதான் செய்யாமல் விட்டாள்? மேஜை சாய்ந்திருக்கிறதோ என்று கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது. வெளிச்சம் காரணமோ என்று தட்டைக் கறுப்புத் துணியில் சுற்றினாள். குளிர்பதனப் பெட்டி அதிர்கிறதோ என்று அதை அணைத்துவிட்டு, உள்ளே இருந்த மற்றவர்களின் பொருளெல்லாம் கெட்டுப்போய்த் திட்டு வாங்கினாள். தட்டைத் திருப்பி வைத்தாள். ஒதுங்கல் மட்டும் மாறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் லென்ஸுக்குப் போன் செய்தாள்.

லென்ஸ் என்பவள் நிலையத்தின் மைக்ரோஸ்கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற தொழில்நுட்பக்காரி, இவளுடைய தோழி. இவளுக்குப் ‘பஞ்சு’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். முனகிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

“லீவு நாள்ல ஒருத்தியத் தூக்கத்துலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வர்றியே, நீயெல்லாம் நல்லா இருப்பியாடி?”

“சாபம் அப்புறம் விடு. மொதல்ல இதப் பாரு.”

லென்ஸ் கேமராவை மாட்டினாள். குழி ஒன்று கணினித் திரையில் பெரிதாய் விரிந்தது. சாம்பல் நிற வெளியில், ஓரமாய் ஒரு கறுத்த பிறை. பிறை முழுக்கச் செல்கள்.

“எந்தப் பக்கம் ஒதுங்குது?”

“இந்தப் பக்கம்.”

“தட்டைத் திருப்பி வெச்சா?”

“அப்பவும் இந்தப் பக்கம்தான்.”

“இந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு மொட்டையாச் சொல்றியே.” லென்ஸ் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “உன் பக்கம்னு சொல்லு. நீ எப்பவும் இந்த ஸ்டூல்லதானே உக்காருவ?”

இவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவளிடம் வந்து வேடிக்கை பேசுகிறாளே என்று. ஸ்டூலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மேஜையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். “இப்ப என்னவாம்?”

பஞ்சுயிரியின் செல் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. பதிவு செய்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் இருவரும் திரையை அசட்டையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; லென்ஸ் தன் நாத்தனார் வீட்டுச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்து, சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தினாள்.

பிறையின் விளிம்பு கலைந்தது. ஒரு செல் புறப்பட்டது, பின்னால் இன்னொன்று, அப்புறம் கும்பலாக. சாம்பல் வெளியைக் குறுக்கே கடந்து, மறுகரைக்கு வந்து, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒட்டின.

“உன் சூடு பட்டு வருதோ என்னவோ” என்றாள் லென்ஸ். குரலில் பழைய கிண்டல் இல்லை.

இவள் எழுந்து அறையின் கோடிக்குப் போனாள். லென்ஸ் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். செல்கள் லென்ஸைச் சட்டை செய்யவில்லை. கோடியில் நின்றவளின் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பின. வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. லென்ஸ் தன் விரலைத் தட்டின் கண்ணாடி அடிப்பாகத்தில் வைத்து அழுத்தினாள், அதற்கும் அசையவில்லை.

“நீ வை.”

வைத்தாள்.

திரையில் செல்களெல்லாம் விரலுக்கு மேலே வந்து கூடின. கும்பலாக இல்லை. வரிசை வரிசையாக. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுழித்து, நடுவில் ஒரு சுழி. அவளுடைய ரேகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய விரலின் ரேகையைத் தடவிப் பார்த்து, அதன் மேலேயே படுத்திருந்தன.

கையை வெடுக்கென்று எடுத்தாள். சுழி அப்படியே நின்றது. பிறகு மெல்ல, அவள் கை போன திசையில் இழுபட்டது.

“சொந்தக்காரின்னு நெனச்சிருச்சு போல” என்று சிரிக்கப் பார்த்தாள் லென்ஸ். சிரிப்பு வரவில்லை. “இரு, பள்ளிக்கூடத்துல பண்ணுவோமே, கன்னத்துச் செல்லு. அதப் பாத்துருவோம். உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சிரும்.”

பஞ்சுயிரியின் செல் இல்லாத சுத்தமான குழிகள் இரண்டை எடுத்து, நிலையத்துத் தண்ணீர் விட்டார்கள். பல்குச்சியால் லென்ஸ் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி ஒன்றில் கலக்கினாள். திரையில் கிழித்துப்போட்ட காகிதத் துண்டுகள் மாதிரிச் செல்கள், தட்டையாக, உயிரற்று மிதந்தன. யார் கன்னத்தில் சுரண்டினாலும் அப்படித்தான் வரும். உதிரக் காத்திருக்கும் செத்த தோல் அது.

இவள் சுரண்டி இன்னொன்றில் கலக்கினாள். அதே காகிதத் துண்டுகள். “அப்பாடா” என்று இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

ஒரு துண்டின் விளிம்பு சுருண்டது.

பக்கத்தில் இருந்ததும் சுருண்டது. தட்டையானவை உப்பின, உருண்டன. ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, தொட்டு, இடைக்கோடு மறைந்து ஒன்றாயின. குழியின் நடுவில் ஒரு சின்ன உருண்டை. அது மெல்லத் துடித்தது.

“செத்த செல்லுடி அது” என்றாள் லென்ஸ். “அது நகராதுடி.”

“தெரியும்.”

லென்ஸ் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளினாள். கால் தரையில் உராய்ந்து கிறீச்சிட்டது. இவள் தொட்டுக் கொடுத்த பல்குச்சி டப்பாவைப் பார்த்துவிட்டு, தன் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். துடைப்பதை இவள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. அது இவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“புது வீட்டுக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தே. நான்தான் வரவே இல்ல.” லென்ஸ் கதவுப் பக்கம் நகர்ந்தாள். “உங்க வீட்டுத் தண்ணி ஒரு வாய்கூட நான் குடிச்சதில்ல.”

அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரில் செல் சோர்ந்தால் விஷம், சரி. ஒரு தண்ணீரில் செல் செழித்தால் அது நல்ல தண்ணீர் என்று யார் சொன்னது? இவள் சொன்னாள். தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். செல் எதில் சுகமாக இருக்கிறதோ அதற்கு ‘நல்லது’ என்று பெயர் எழுதி ஒட்டி, மற்ற தண்ணீரையெல்லாம் அதை வைத்து அளந்துகொண்டிருந்தாள். பிரிந்ததைத் தேடி ஒன்றாக்குகிற அந்த ஒரே ஒரு ஆசையை அந்தத் தண்ணீர் ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கிறது. பஞ்சுயிரிக்கு மட்டுமில்லை. குடித்த எல்லாவற்றுக்கும்.

குட்டி அந்தத் தண்ணீரைக் குடித்தாள், அதிலேயே குளித்தாள். தழும்புகூட மிச்சமில்லாமல் தோல் ஒட்டிக்கொண்டது.

முதலில் மறுபடி சாருக்குத்தான் போன் போட்டாள். குடியிருப்பின் தொட்டியை மூடச் சொல்லும் அதிகாரம் அவர் வழியாகத்தான் போகவேண்டும். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

“சார், எங்க குடியிருப்புத் தண்ணிய நிறுத்தணும் சார். இப்பவே. அது நல்ல தண்ணி இல்ல.”

“நீங்கதானேம்மா நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தீங்க?”

“தப்பா எழுதிட்டேன் சார்.”

“அளவுகோலா வெச்ச கன்ட்ரோலே தப்புன்னா அத வெச்சு நீங்க இப்ப சொல்றதும் தப்பா இருக்கலாமே? பதட்டப்படாதீங்க. மறுபடி ஒருதரம் பண்ணிப் பாருங்களேன்.”

“சார், என் பொண்ணு சார்...”

“லீவு முடிஞ்சு வந்து பேசுவோம்” என்று வைத்துவிட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. போனை எடுத்து அடிக்கக் கை ஓங்கினாள், வீட்டுக்குப் பேச அது வேண்டும் என்பதால் ஓங்கிய கையை இறக்கினாள்.

கணவர் வீட்டிலேயே உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவர். மணியடித்து ஓயும் நேரத்தில்தான் எடுத்தார்.

“என்னங்க, குட்டி என்ன பண்றா?”

“எங்கிட்டதான் இருக்கா.” தூக்கக் கலக்கம் மாதிரிக் குரல். “காலைலேர்ந்து மடிய விட்டு எறங்கவே மாட்டேங்குறா.”

“குழாத் தண்ணியத் தொடாதீங்க. குடிக்க வேணாம், குளிக்க வேணாம். நான் வந்து சொல்றேன். மொதல்ல குட்டியத் தனியாப் படுக்க வைங்க.”

“தனியான்னா?”

“தனியான்னா தனியா! வேற ரூம்ல!”

அவர் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டவர் மாதிரி, “தனியா” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்புறம், “நீ வந்துரு” என்றார். சண்டை இல்லை, எதிர்க்கேள்வி இல்லை. எதைச் சொன்னாலும் ஒரு குறுக்குக் கேள்வி கேட்காமல் விடாத மனிதர்.

“நானும் வரட்டுமாடி?” என்று கேட்டாள் லென்ஸ். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

“வராதே.”

வெயில் சாய்ந்திருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே சிவந்து நின்றது. முன்னால் ஒரு லாரி நத்தையாய் ஊர்ந்தது, ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது, வழிவிடாத ஒரு கார்க்காரனைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். திட்டத் திட்டக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், டாக்டரிடம் என்னவென்று சொல்வது, சொன்னால் பைத்தியம் என்பார், என்னவோ சொல்லட்டும், முதலில் பிள்ளையை அந்த வீட்டைவிட்டு வெளியே எடுக்கவேண்டும். ஏரிக்கரைச் சாலைக்குத் திரும்பியபோதுதான் கவனித்தாள். வண்டியின் கைப்பிடியில் மார்பு படும்படி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தாள். கொஞ்ச தூரத்தில் மறுபடி சாய்ந்திருந்தாள். யாரும் தள்ளவில்லை. முன்னாலிருந்து இழுத்த மாதிரி இருந்தது.

குடியிருப்பின் வாசலில் காவலாளி இல்லை. நாற்காலி மட்டும் கிடந்தது.

விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் இருந்தார்கள். ஊஞ்சல் காலியாகத் தொங்கியது, சறுக்குமரம் காலியாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் நடுவில் ஒரே கொத்தாக நின்றார்கள். ஓடவில்லை, கத்தவில்லை, ஒருத்தரை ஒருத்தர் தள்ளவில்லை. அவசரமாய் அந்தக் கும்பலில் குட்டியின் முகத்தைத் தேடினாள். இல்லை. இல்லாததற்கு நன்றி சொல்வதா என்றும் தெரியவில்லை.

“எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க!” என்று கத்தினாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரே நேரத்தில்.

கட்டடத்துக்குள் ஓடினாள். அந்த வாடை. ஊறிய கட்டை, பழைய மருந்துப் பாட்டில். முதலில் தன் உடுப்பிலிருந்து வருவதாக நினைத்தாள். சுவரிலிருந்து வந்தது. படிக்கட்டுக் கைப்பிடியிலிருந்து வந்தது.

லிப்ட் திறந்தே இருந்தது. உள்ளே ஆட்கள். மாடி வீட்டு அம்மா, எதிர்வீட்டுத் தாத்தா, காவலாளி, பெயர் தெரியாத இன்னும் பலர். தோளோடு தோள், கன்னத்தோடு கன்னம். யாரும் பொத்தானை அழுத்தவில்லை. எங்கேயும் போகிற உத்தேசம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“வாங்க” என்றார் மாடி வீட்டு அம்மா, நெருக்கத்தில் நசுங்கிய வாயால். “இடம் இருக்கு.”

அவள் வலதுகால் ஒரு அடி முன்னால் வைத்திருந்தது. அவள் வைக்கவில்லை. தொடையில் ஓங்கி அறைந்து காலைத் திருப்பிக்கொண்டு படியேறினாள். ஏறும்போது தோள் சுவரை உரசியது. விலகினாள். மறுபடி உரசியது. சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள். வீடுகளுக்குள் ஆட்கள். தோலுக்கு அது தெரிந்திருந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை.

ஹாலில் விளக்குப் போடவில்லை. வரைபட மேஜையில் பாதி போட்ட வீடு ஒன்று, அதன் மேல் மூடாத பேனா. சமையலறையில் குழாய் லேசாகத் திறந்து கிடந்து, கோடு மாதிரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் போய் அதை அடைத்தாள். அடைத்த பிறகுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. சோபாவிலிருந்து. ஒரே ஒரு மூச்சு.

விளக்கைப் போட்டாள்.

அவர் சோபாவில் சாய்ந்திருந்தார். குட்டி அவர் மார்பில் முகம் வைத்துக் கிடந்தாள். எந்த வீட்டிலும் பார்க்கிற காட்சிதான். பிள்ளையின் முதுகில் அவர் கை. பிள்ளையின் தலைமுடி அவர் தாடையில்.

“குட்டி. எழுந்திரு. கிளம்பணும்.”

கிட்டே போனாள். குட்டியின் காது தெரிந்தது. கம்மல் தெரிந்தது. காதுக்கு முன்னால் கன்னம் தொடங்கியது. அது எங்கே முடிகிறது என்று தேடினாள். சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. பொத்தானைச் சுற்றித் தோல் வளர்ந்திருந்தது. வழுவழுப்பாக, ஒரு தடிப்பில்லாமல், ஒரு தழும்பில்லாமல். பிள்ளையின் தோலா, அவர் தோலா. கோடு இல்லை.

கத்தினாளா என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தாள். சோபாவில் கால் கொடுத்து இழுத்தாள். பிள்ளை வந்தாள். அவரும் கூடவே வந்தார்.

“மெதுவாம்மா” என்றார் அவர். குட்டியின் குரலில்.

“விடுங்க. விடுங்க அவள. விடு!”

கத்தரிக்கோல். சமையலறையில். கத்தி. எதுவானாலும் சரி. பிள்ளையின் அக்குளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எடுத்தாள்.

கை வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வலி இல்லை. இழுத்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் தெரிந்தது. நகத்துக்குக் கீழே குட்டியின் விலா.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். கோபம் இருந்தால் இழுக்கலாம். மறுபடி சாரை நினைத்தாள், டிவிச் சத்தத்தை நினைத்தாள், லென்ஸ் கையைத் துடைத்ததை நினைத்தாள். காலையிலிருந்து நெஞ்சில் கொதித்த அத்தனையும் எங்கே என்று தேடினாள். ஒன்றுமில்லை. குளத்தில் கல் போட்ட இடம் அடங்கிய மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் மனசு இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமும் யாருடையதோ போலத் தூரமாய்ப் போனது.

சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். கன்னம் தானாகக் குட்டியின் தலையில் சாய்ந்தது. அவர் கண்ணும் குட்டியின் கண்ணும் திறந்தன. ஒரே இமைப்பில்.

“அம்மா வந்தாச்சு” என்றாள் குட்டி.

“அம்மா வந்தாச்சு” என்றார் அவர்.

“அம்மா வந்தாச்சு” என்று தன் வாயும் சொல்லிக்கொண்டிருப்பதை அவள் கேட்டாள்.